ஜீப்புக்கு அடியில வாங்க!

தலையைக் குனிந்துகொண்டு வாருங்கள். தகரக் கூரை தாழ்வு, அதிலிருந்து செயின் பிளாக் வேறு தொங்குகிறது. காலடியையும் பாருங்கள்: இடப்பக்கம் கியர் ஆயில் டின், வலப்பக்கம் கழற்றிப் போட்ட லீஃப் ஸ்பிரிங், நடுவில் யாரோ குடித்து வைத்துவிட்டுப் போன டீ கிளாஸ். காரைக்காலில் திருநள்ளாறு சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது இந்த மெக்கானிக் ஷெட். வெளியிலிருந்து பார்த்தால் தொங்கும் டயர்களும் எண்ணெய்க் கறை படிந்த மண்ணும்தான் தெரியும். கஸ்டமர் என்றால் வாசல் பெஞ்சோடு சரி. இன்று என்னை உள்ளேயே விட்டுவிட்டார்கள்! கூடவே நீங்களும் வாருங்கள்.

நடுவில் நிற்பதுதான் நம் கதாநாயகன். மகிந்திரா எம்.எம்.540 ஜீப். நம்பர் பிளேட்டில் காரைக்காலின் பி.ஒய்.02. பெயிண்ட் வெளுத்திருக்கிறது, கேன்வாஸ் கூரையில் ஒட்டுத் துணி, பின்சீட்டில் வைக்கோல் துரும்பு. எஞ்சின் ஒரே சாவியில் எழுந்துவிடுகிறது. நோய் வேறு இடத்தில். கை பிரேக் பிடிக்கவில்லை.

"பாருங்க தம்பி" என்று ஷெட் முதலாளி முன்னால் வருகிறார். ஊரே அவரைப் 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறது, நாமும் அப்படியே கூப்பிடுவோம். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற டி வடிவக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார். கரகரவென்று வெளியே வருகிறது, வருகிறது, இன்னும் வருகிறது. நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கி வந்து பானட்டில் ஒரு கையை வைத்துத் தள்ளுகிறார். ஜீப் சாதுவாகப் பின்னால் நகர்ந்து போகிறது. ஷெட்டில் வேலை செய்கிற பையன்கள், பெரியவனும் சின்னவனும், கைதட்டிச் சிரிக்கிறார்கள்.

ஜீப்பின் சொந்தக்காரர் நெடுங்காடு பக்கத்து விவசாயி. வேட்டியை மடித்துக் கட்டியபடி பக்கத்தில் நிற்கிறார். "எத்தனை வருஷமா இப்படி இருக்கு மாமா?" என்கிறார் பாய். "நம்ம ஊர்ல மேடு எங்க பாய் இருக்கு? முதல் கியர்ல போட்டு நிறுத்துவேன். பின் வீலுக்கு ஒரு கல்லு வைப்பேன்" என்கிறார் அவர். அந்தக் கல்லையும் கொண்டு வந்திருக்கிறார், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக!

அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. இது காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராயன் ஆறும் கடலைத் தொடுகிற தட்டை நிலம். இங்கே வண்டி தானாக உருண்டு ஓடுகிற இடம் என்றால் ஆற்றுக் கரைமேட்டின் சரிவும் பாலத்து ஏற்றமும்தான். பாயின் கட்சியோ நேர் எதிர். சமதரை ஊர்க்காரர்களின் ஜீப்பில்தான் கை பிரேக் சீக்கிரம் கெடுகிறது என்கிறார். மலைக்காரர்கள் தினம் இழுப்பார்கள். அசைந்துகொண்டே இருக்கிற கேபிள் இறுகாது. இங்கே மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. உப்புக் காற்று ஓய்வதே இல்லை. கேபிள் உறைக்குள் துரு பிடிக்கிறது, லைனிங் வழுவழுப்பாகிறது, ஒரு நாள் இழுத்துப் பார்த்தால் கைப்பிடி மட்டும் வருகிறது. கேட்கக் கேட்க எனக்கு இது ஒரு துப்பறியும் கதை போலவே ஆகிவிட்டது.

மாமா இப்போது ஏன் வந்தார்? பதிவைப் புதுப்பிக்கிற நேரம் வந்துவிட்டது. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சோதனைக்குக் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கும் ஜீப்புக்கும் இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பணத்தைக் கட்டிவிட்டுக் கை பிரேக்கில் தோற்றுத் திரும்பினால் மனசு ஆறுமா? "அங்க போய்க் கல்லை எடுத்து வைக்க முடியாதுல்ல" என்று அவரே சிரிக்கிறார்.

சரி, கீழே போகலாம். தரையில் விரித்திருப்பது பழைய ஃபிளெக்ஸ் பேனர், யாருடைய கல்யாணத்துக்கோ அடித்தது. மணமக்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவர்கள் மேல்தான் படுத்து உள்ளே நகர வேண்டும். "அண்ணே, மாப்பிள்ளை மூஞ்சியில முழங்கையை வைக்காதீங்க. அவரு நம்ம கஸ்டமரு!" என்கிறான் சின்னவன். அடியில் வெக்கை, வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, சேஸிலிருந்து வயல் சேறு காய்ந்து பொடிப் பொடியாக முகத்தில் உதிர்கிறது. இதுவரை வாசல் பெஞ்சில் மட்டுமே உட்கார்ந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

இப்போது ஒரு ரகசியம். பெரும்பாலான கார்களில் கை பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். மகிந்திராவின் புதிய தார் ஜீப்பிலும் அப்படித்தான். இந்த ஜீப்பில் அது சக்கரத்துக்குப் போவதே இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறதல்லவா, அதன் வாலில் சின்னதாக ஒரு டிரம். அங்கிருந்து பின் ஆக்சிலுக்கு ஓடுகிற புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றால் சக்கரமும் நிற்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலிருந்து வந்தது. 1947-இல் பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியபோது இதுவும் கூடவே இந்தியாவுக்கு வந்தது. இங்கிலாந்தின் லேண்ட் ரோவர்காரர்களும் இதே வழியைப் பிடித்து, 2016-இல் பழைய டிஃபெண்டரை நிறுத்துகிற வரை விடவில்லை. சின்ன டிரம்மை வைத்து இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த முடிவது எப்படி? ஆக்சிலில் இருக்கிற கிரவுன் பினியன்தான் பதில். பழைய சி.ஜே.3பி ஜீப்பில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். அதனால் ஷாஃப்டில் கொடுக்கிற பிடி சக்கரத்தில் அத்தனை மடங்காகப் போய் விழுகிறது. இதைப் பாய் கணக்காகச் சொல்லவில்லை. ஷாஃப்டில் கையை வைத்துச் சுற்றச் சொன்னார். நான் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், சக்கரம் மெல்ல ஒரு நகர்வு நகர்கிறது. புரிந்துவிட்டது!

பெரியவன் ஷாஃப்டின் போல்ட்டுகளைக் கழற்றுகிறான். எல்லாம் ஒரு மாம்பழக் கூடைக்குள் விழுகின்றன. மாங்கனித் திருவிழா வருகிற ஆனி மாதம் அல்லவா, ஊரில் பழக்கூடைக்குப் பஞ்சமில்லை. ஒரு போல்ட் மட்டும் அசைய மறுக்கிறது. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஸ்பேனரின் முனையில் ஒரு குழாயைச் செருகி இருவரும் தொங்குகிறார்கள். டக்! பெரியவன் அப்படியே பின்னால் உருண்டு மணமகள் மேல் விழுகிறான். ஷெட் முழுக்கச் சிரிப்பு.

டிரம் கழன்றதும் கியர் ஆயில் நெடி குப்பென்று அடிக்கிறது. "ஆங், ஆள் மாட்டிக்கிட்டான்" என்கிறார் பாய். உள்ளே இருக்கிற இரண்டு பிரேக் ஷூவும் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடக்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து, சொட்டுச் சொட்டாக டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் தடவிய லைனிங் எதைப் பிடிக்கும்?

பெட்ரோலில் கழுவிப் போட்டுவிடலாமே என்று மாமா கேட்கிறார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே துடைத்தாலும் உள்ளே ஊறின எண்ணெய், சூடு பட்டதும் வெளியே வரும். புது லைனிங்தான். சின்னவன் டிரம்மை வாயால் ஊதப் போக, பாய் சட்டென்று கையைப் பிடித்துவிட்டார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைக்கச் சொல்கிறார், துணியைக் குப்பையில் போடச் சொல்கிறார், கையைக் கழுவச் சொல்கிறார். குரலில் கோபம் இல்லை, கண்டிப்பு உண்டு. இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஆயில் சீலை மாற்றிவிட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பாய் அப்படி விடவில்லை. டிரம்மைத் தாங்குகிற யோக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, சீல் உரசுகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஒரு இடத்தில் தட்டி நின்றது. "நீங்களும் ஓட்டிப் பாருங்க" என்றார். ஆமாம், கண்ணுக்குச் சட்டெனத் தெரியாத ஒரு பள்ளம்! ஆண்டுக்கணக்கில் ரப்பர் உரசி உரசி இரும்பே தேய்ந்திருக்கிறது. இதன் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி கசியும், மறுபடி லைனிங் ஊறும், கை பிரேக் மறுபடி செத்துப்போகும். வியாதி கைப்பிடியில் இல்லை, கேபிளில்கூடப் பாதிதான். ஒரு நகக்கண் அளவுப் பள்ளத்தில் இருந்திருக்கிறது!

வேறு யோக் வேண்டும். சென்னை புதுப்பேட்டைக்குப் போன் போட்டுச் சொன்னால் ராத்திரி பஸ்ஸில் பார்சலாக ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் நம்ம குவியலைப் பார்த்துவிடலாம் என்று பாய் பின்பக்கம் கைகாட்டினார். ஷெட்டின் புதையல் அறை அதுதான். பாதியாக வெட்டிய தார் டின்களில் கியர்கள், பேரிங்குகள், ஒடிந்த லீவர்கள், எந்த வண்டியுடையது என்று அல்லாவுக்கு மட்டுமே தெரிந்த குழாய்கள். மூன்று பேர் இறங்கித் தோண்ட, நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினேன். மாமாவும் விடவில்லை, வேட்டியோடு குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு டின்னுக்குள்ளிருந்து பூனை ஒன்று பாய்ந்து ஓடியது. அதன் குட்டிகள் இருந்த டின்னை மட்டும் யாரும் தொடவில்லை. கடைசியில் சின்னவன் கையில்தான் அது அகப்பட்டது. துருப் படலத்துக்குக் கீழே நகம் வழுக்கிக்கொண்டு போகிற ஒரு யோக்! அவனுக்கு அன்றைக்கு ராஜ மரியாதை. பாய் டீயோடு சூடான இறால் வாடாவும் வாங்கிவரச் சொன்னார், முதல் வாடா அவனுக்கு.

டீ குடிக்கும்போது எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். இந்த ஜீப்பின் எஞ்சின் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனியின் எக்ஸ்.டி.பி. 4.90. அதைத் தயாரிக்க மகிந்திரா உரிமம் வாங்கியது 1979-இல். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், பெயரில் இருக்கிற எண் அதுதான். சின்னவன் வாடாவை மென்றுகொண்டே, "அப்ப நம்ம ஊரு எஞ்சின்னு சொல்லுங்க!" என்றான். 1739-இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் ஆட்சியை ஒப்படைத்தார்கள், சட்டப்படி கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. அவர்கள் போய்ப் பல ஆண்டு கழித்துப் பிறந்த எஞ்சின்தான், இருந்தாலும் அவன் சொன்னதில் ஷெட்டுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. மாமா எழுந்து போய் பானட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிரேக் ஷூக்கள் லைனிங் கடைக்குப் போயின. நானும் பின்னாலேயே போனேன். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை அது. பழைய லைனிங்கைச் சீவி எடுத்துவிட்டு, புதியதை வைத்து ரிவிட் அடிக்கிறார் ஒரு பெரியவர். நடுவிலிருந்து தொடங்கி இரு ஓரத்துக்கும் போகிறார். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் உப்பிக்கொள்ளுமாம், உப்பினால் டிரம்மில் முழுதாகப் படியாது. அடிக்கிறபோது அவர் பேசுவதில்லை, கேள்வி கேட்டாலும் ரிவிட் முடிந்த பிறகுதான் பதில்.

திரும்பி வந்தால் ஷெட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தில் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கிறது! மேல் முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக உறைக்குள் இறங்குகிறது. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கும். கீழ் முனையில் முதலில் செம்பழுப்பாகத் துரு வரும், அப்புறம் கலங்கல், கடைசியில் தெளிந்த எண்ணெய் வந்தால் கேபிள் தேறிவிட்டது என்று அர்த்தம். பிரிந்த இழை ஏதாவது இருந்தால் பாய் புதுக் கேபிள்தான் போடுவார். இதில் இல்லை.

மறுநாள் வெயில் ஏறுமுன்னே போய்விட்டேன். கேபிளில் தெளிந்த எண்ணெய் வந்திருந்தது. டிரம்மின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தார்கள். புது சீலைச் சுற்றித் தட்டி இறக்கினார் பாய், ஒரே பக்கம் தட்டிக் கோணலாக்காமல் சுற்றிச் சுற்றி. மேலே கண்டெடுத்த யோக், டிரம், ஷாஃப்ட். பிறகு டிரம்மின் துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பல் சக்கரத்தைத் திருகுவது பெரியவன் வேலை. டிக், டிக், டிக். இறுகும் வரை திருகிவிட்டுச் சில பல் பின்னுக்கு விட வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது உரசிச் சூடாகும். அவன் கண்ணை மூடிக்கொண்டு திருகுகிறான். காதுதான் அளவாம்.

இதற்கு அப்புறம் பாய் ஒரு வித்தை காட்டினார். இரண்டு பின் சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கை பிரேக்கை இழுத்தார். ஷாஃப்ட் அசையவில்லை. "இப்ப இந்த வீலைச் சுத்துங்க" என்றார். சுற்றினேன். சுற்றியது! அந்தப் பக்கத்துச் சக்கரமோ தலைகீழாக, எதிர்த்திசையில் சுற்றுகிறது! ஷாஃப்ட் நின்றாலும் டிஃப்ரென்ஷியல் வழியாக ஒரு சக்கரம் முன்னால் போனால் மற்றது பின்னால் போகலாம். ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருந்தேன், ஆசை அடங்கவில்லை.

இது வெறும் வேடிக்கை இல்லை, மாமாவைக் கூப்பிட்டு நிற்க வைத்துத்தான் காட்டினார். பஞ்சர் ஒட்ட ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், இந்த வகை ஜீப்பில் கை பிரேக் போட்டும் போடாத மாதிரிதான். தூக்கின சக்கரம் காற்றில் சுற்றும், வண்டி ஜாக்கியை விட்டு நகரும். அப்போது மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆக வேண்டும். நாலு வீல் கியரைப் போட்டு வைத்தால் முன் சக்கரங்களும் பிடிப்புக்குள் வரும், ஆனாலும் கட்டை வேண்டும். "அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க மாமா, அதுக்கு இதான் வேலை" என்றார்.

சோதிக்கச் சரிவு வேண்டுமே! எல்லோரும் ஜீப்பில் ஏறினோம், பையன்கள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். அரசலாற்றங்கரைக்குப் போய், மேட்டில் ஏறுகிற மண் சரிவின் நடுவில் மாமா நிறுத்தினார். கியர் நியூட்ரல். கை பிரேக்கைக் கரகரவென்று இழுத்தார், கைப்பிடி முன்பு வந்ததில் பாதிகூட வரவில்லை. மெதுவாகக் கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். ஜீப் ஒரு துளி பின்னால் அசைந்தது. என் நெஞ்சும் கூடவே அசைந்தது. டக்கென்று நின்றுவிட்டது! "அந்த ஒரு அசைவு இருக்கும் தம்பி, ஷாஃப்ட் ஜாயிண்டுலயும் கிரவுன்லயும் இருக்கிற ப்ளே அது. அது முடிஞ்ச இடத்துல பிடிக்கும்" என்றார் பாய். பையன்கள் இறங்கிப் போய் முன்பக்கத்திலிருந்து தள்ளினார்கள். நானும் சேர்ந்து தள்ளினேன். மூன்று பேர் முக்கியும் ஜீப் ஓர் அங்குலம் நகரவில்லை. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே வந்து அவரும் தள்ளிப் பார்த்தார்!

திரும்பும் வழியில் பாய் இரண்டே பாடம் நடத்தினார். தினமும் நிறுத்தும்போது இழுக்க வேண்டும், சமதரையாக இருந்தாலும். ஓடுகிறபோது ஒருநாளும் இழுக்கக் கூடாது, ஷாஃப்டும் ஆக்சிலும் தாங்காது. மாமா தலையாட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஷெட் வாசலில் கணக்கு முடிந்தது. யோக்குக்கு மட்டும் பாய் காசு வாங்க மறுத்துவிட்டார், சின்னவன் கண்டெடுத்தது, அவனிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். மாமா அவன் சட்டைப் பையில் எதையோ திணித்தார். ஏறப் போனவர் திரும்பி நின்றார்.

"என் மச்சான்கிட்டயும் இதே ஜீப்பு நிக்குது பாய். அவனும் கல்லுதான் வைக்கிறான். எப்ப வரச் சொல்லட்டும்?"

"வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மூடிடுவேன். சனிக்கிழமை திருநள்ளாறு வர்ற வண்டிங்களுக்கே கை பத்தாது. திங்கக்கிழமை காலையில வரச் சொல்லுங்க மாமா. வர்றப்ப கசியுதான்னு கீழ ஒரு அட்டை விரிச்சுப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க."